போல்ட்டுக்கு மரை வரையத்தான் வேண்டுமா?

கேட் (CAD), அதாவது கணினியில் பாகங்களை வரையும் மென்பொருள் கற்றுக்கொள்கிறவர்களுக்குப் போல்ட் என்றாலே மரையை, அதாவது திருகும் பள்ளத்தை, நிஜமாகச் சுற்றிச் சுற்றி வெட்டிக் காட்டிவிட வேண்டும் என்று ஆசை வந்துவிடும். பார்க்க அழகாகத்தான் இருக்கும், ஆனால் பெரும்பாலான வேலைகளுக்கு அது தேவையே இல்லை.

மரை ஓடுவது ஹெலிக்ஸ் என்ற சுருள் வளைவில். கேட் மென்பொருள்கள் சிக்கலான பரப்புகளை நர்ப்ஸ் என்ற கணித வடிவில் வைத்துக்கொள்கின்றன. அதில் வட்டத்தை அச்சுப்பிசகாமல் எழுதலாம், ஹெலிக்ஸை எழுத முடியாது, நெருங்கி வரலாம், அவ்வளவுதான். அந்த நெருக்கத்துக்கே ஏகப்பட்ட புள்ளிகள் வேண்டும். பல பாகங்களைச் சேர்த்த ஒரு அசெம்பிளியில் இப்படி ஐம்பது போல்ட் இருந்தால் திரையைத் திருப்பக்கூடக் கணினி திணறும்.

எம்10, அதாவது 10 மிமீ விட்டமுள்ள போல்ட்டையே எடுத்துக்கொள்வோம். பிட்ச், அதாவது ஒரு சுற்றுக்கும் அடுத்த சுற்றுக்கும் உள்ள தூரம், 1.5 மிமீ, மரையின் கோணம் 60 பாகை. வெட்டும் முக்கோணத்தின் வாயையும் முழு 1.5 மிமீ அகலத்துக்கு வரைந்தால், ஒரு சுற்றின் வெட்டு அடுத்த சுற்றின் வெட்டை வெளிப்பரப்பில் ஒரே கோட்டில் தொடும். பல மென்பொருள்கள் அந்த இடத்தில்தான் பிழை காட்டி நின்றுவிடும். தர அளவுப்படி முகட்டில் பிட்ச்சில் எட்டில் ஒரு பங்கு, அதாவது சுமார் 0.19 மிமீ, தட்டையாக விட வேண்டும். வாய் 1.31 மிமீ ஆகும், வெட்டும் சிக்கலில்லாமல் முடியும்.

இதற்கு மாற்றுதான் காஸ்மெடிக் மரை. 10 மிமீ வழுவழுப்பான உருளை, அதோடு ‘எம்10 × 1.5 – 6ஜி’ என்ற குறிப்பு. படத்தில் முகட்டுக்குத் தடித்த கோடு, அடிப்பகுதிக்கு மெல்லிய கோடு, முனையிலிருந்து பார்த்தால் முக்கால் வட்டம். லேத்தில் நிற்பவருக்கு இது போதும், ஏனென்றால் ஜி76 என்ற மரை வெட்டும் கட்டளைச் சுழற்சிக்கு அவர் கொடுப்பது பிட்ச், ஆழம் மாதிரியான எண்களைத்தான், உங்கள் சுருளை அல்ல. அளவு எவ்வளவு விலகலாம் என்று சொல்லும் அந்த 6ஜி-யில்தான் விஷயமே இருக்கிறது: வெளிவிட்டம் 9.732-க்கும் 9.968-க்கும் நடுவே இருக்க வேண்டும், சரியாக 10 வரவே கூடாது. எவ்வளவு அழகாக மரை வரைந்தாலும் இதை அந்த வடிவம் சொல்லாது.

ஆனால் வழுவழு உருளையை நம்பி ஏமாறும் இடங்களும் உண்டு. மென்பொருளுக்கு மென்பொருள் வடிவத்தை மாற்றிக்கொள்ள உதவும் ஸ்டெப் கோப்பாக அனுப்பினால் மரைக் குறிப்பு பெரும்பாலும் தொலைந்துபோகும், வாங்குபவருக்கு வெறும் கம்பிதான் தெரியும், அதனால் பிடிஎஃப் படத்தையும் சேர்த்தே அனுப்புங்கள். மரை போடும் துளையை 8.5 மிமீ என்று வரைந்திருப்பீர்கள், அதில் 10 மிமீ உருளை உட்கார்ந்தால் மென்பொருள் மோதல் என்று கத்தும்; அதைப் பொருட்படுத்த வேண்டாம். வலிமைக் கணக்கில்தான் உண்மையான ஆபத்து. முழு உருளையின் பரப்பு 78.5 சதுர மிமீ, மரையுள்ள போல்ட் இழுவையைத் தாங்கும் பரப்போ 58 தான். அப்படியே ஆய்வுக்கு அனுப்பினால் நிஜத்தில் வரும் தகைவு (ஒரு சதுர மிமீ-க்கு விழும் விசை) திரையில் தெரிவதைவிட ஏறத்தாழ 35 சதவீதம் அதிகம். அங்கே 8.6 மிமீ உருளையை வையுங்கள்.

சரி, மரையை வரைந்தே ஆக வேண்டிய இடம்? 3டி பிரிண்டிங். அந்த இயந்திரம் வடிவத்தை மட்டும்தான் பார்க்கும், குறிப்பைப் படிக்காது. நட்டுக்கும் போல்ட்டுக்கும் நடுவே கொஞ்சம் இடைவெளி விடாவிட்டால் திருகவே திருகாது. 0.2 மிமீ அடுக்கில் எம்10-இன் ஒரு சுற்றுக்கு ஏழெட்டு அடுக்கு கிடைக்கும், மரை உருப்படியாக வரும். எம்3-க்குப் பிட்ச் 0.5 தான், இரண்டு மூன்று அடுக்கில் மரை எங்கே வரும்? அந்த அளவுக்குக் கடைத் திருகையே வாங்கிப் பொருத்துவதுபோல் வடிவமைத்துவிடுங்கள்.