சேவை நோக்கா, சேவைவழியா?

'சேவை நோக்குக் கட்டடக்கலை' என்ற தொடரை இந்த மாதத்தில் மூன்றாவது முறையாகப் பார்த்துவிட்டேன். இம்முறை, மெய்ப்புப் பார்க்க வந்த ஒரு பயிற்சிக் கையேட்டில் ஓர் அத்தியாயத்தின் தலைப்பே அதுதான். கணினித் துறையில் இல்லாத ஒரு நண்பரிடம் தலைப்பை மட்டும் படித்துக் காட்டி, உள்ளே என்ன இருக்கும் என்று கேட்டேன். "தொண்டு நிறுவனங்களுக்குக் குறைந்த செலவில் கட்டடம் கட்டித் தருவதா?" என்றார். அவர் மேல் தவறே இல்லை. தமிழ் தெரிந்த யாரும் அப்படித்தான் படிப்பார்கள்.

அது சொல்ல வந்தது 'சர்வீஸ் ஓரியன்டட் ஆர்க்கிடெக்சர்', சுருக்கமாக எஸ்ஓஏ. 1996இல் கார்ட்னர் ஆய்வு நிறுவனத்தின் யெஃபிம் நாடிஸும் ராய் ஷுல்ட்டேயும் எழுதிய அறிக்கையில் இந்தப் பெயர் வந்தது. 2000க்குப் பிறகு எக்ஸ்எம்எல், சோப் (எஸ்ஓஏபி) போன்ற தரவுப் பரிமாற்றத் தரங்களோடு சேர்ந்து எங்கும் பரவியது.

விஷயம் எளிதுதான். ஒரு நிறுவனத்தில் விற்பனைக்கு ஒரு மென்பொருள், சரக்கிருப்புக்கு ஒன்று, கணக்குக்கு ஒன்று, சம்பளத்துக்கு ஒன்று இருக்கும். வெவ்வேறு காலத்தில், வெவ்வேறு மொழியில் எழுதியவை. இவற்றைப் பேச வைக்க இரண்டிரண்டாக முடிச்சுப் போட்டுக்கொண்டே போனால், 10 மென்பொருளுக்கு 45 முடிச்சு வரை ஆகிவிடும். அதைவிட மோசம், ஒன்றின் தரவுத்தளத்துக்குள் இன்னொன்று நேரடியாகக் கையை நுழைப்பது. நான் வேலை பார்த்த ஓர் அலுவலகத்தில் சரக்கு அட்டவணையின் 'இருப்பு' என்ற நெடுவரிசையை இரண்டாகப் பிரித்தார்கள். பட்டியல் போடும் மென்பொருள் அந்த நெடுவரிசையை நேரடியாகப் படித்துக்கொண்டிருந்தது, மாற்றியவருக்கு அது தெரியாது. மறுநாள் காலை எல்லாப் பொருளுக்கும் இருப்பு பூஜ்யம் என்று வந்து நின்றது.

எஸ்ஓஏ முறையில் சரக்கு மென்பொருள் ஒரு ஜன்னலைத் திறந்து வைக்கும். "பொருள் எண்ணைக் கொடு, இருப்பைச் சொல்கிறேன்" என்பது அதன் வாக்கு. உள்ளே அட்டவணையை எப்படி மாற்றினாலும் ஜன்னலில் கேள்வியும் பதிலும் மாறாது. அந்த ஜன்னல்தான் சேவை. யாருக்கு இருப்பு வேண்டுமானாலும் அதன் வழியாகத்தான் கேட்க வேண்டும். இந்த 'வழியாக' என்பதை நினைவில் வையுங்கள்.

வேர்களைப் பார்த்துவிடுவோம். 'சர்வீஸ்' அடிமையைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. 'ஆர்க்கிடெக்ட்' கிரேக்கத்தில் தலைமைத் தச்சர், நம் பெருந்தச்சன். 'ஓரியன்ட்' எழும் சூரியனைக் குறித்துப் பிறகு கிழக்கைக் குறித்தது. கிழக்கு முகமாகத் திருப்பி வைப்பது என்றாகி, கடைசியில் எதை முன்னிறுத்தினாலும் 'ஓரியன்டட்' ஆகிவிட்டது.

இங்கேதான் நோக்குக்காரர்கள் வாதாடுவார்கள். "கிழக்கு நோக்கிய வாசல் என்கிறோமே, அதே பொருள்தானே?" என்பார்கள். இல்லை. 'நோக்கிய' என்று எச்சமாக வரும்போதுதான் அது திசையைக் காட்டுகிறது. 'நோக்கு' என்று பெயராக நிற்கும்போது எண்ணத்தையும் குறிக்கோளையும் காட்டுகிறது: லாப நோக்கு, தொலைநோக்கு, பொதுநோக்கு. அதிலும் 'சேவை நோக்கு' என்பது 'லாப நோக்கு' என்பதற்கு எதிர்ச்சொல்லாகவே நம் மொழியில் ஊறிப்போனது. "சேவை நோக்கோடு நடத்துகிறோம்" என்று ஒருவர் சொன்னால் அவர் காசு வாங்கவில்லை என்று பொருள். நிறுவனத்தின் லாபக் கணக்கைப் போடும் மென்பொருளுக்குப் போய் அந்தப் பெயரை எப்படி வைப்பது?

இந்த நோய், 'ஆப்ஜெக்ட் ஓரியன்டட் புரோகிராமிங்' என்பதற்கு எழுதும் 'பொருள்நோக்கு நிரலாக்கம்' என்பதிலிருந்து தொற்றியது என்று நினைக்கிறேன். பாடநூலில் ஏறிவிட்டதால் யாரும் கேட்பதில்லை. ஆனால் பொருளுக்குச் செல்வம் என்றும் அர்த்தம் உண்டு, பொருள் நோக்கு என்றால் பணத்தாசை என்றும் படிக்கலாம். ஒரு சொல்லுக்கு ஒரு முறை ஒரு நிகரை எழுதி வைத்துவிட்டு, பிறகு வரும் இடமெல்லாம் அதையே பொருத்துகிறார்கள். பொருத்திய தொடரை ஒரு முறை வாய்விட்டுப் படித்தால் போதும், தெரிந்துவிடும். அதைச் செய்வதில்லை.

மாற்றாக 'சேவைசார் கட்டமைப்பு' என்றால் பரவாயில்லை, ஆனால் 'சார்' மெலிந்த சொல். கடல்சார், சூழல்சார் என்பதுபோல ஏதோ தொடர்பு உண்டு என்றுமட்டும் சொல்லும். என் பரிந்துரை 'சேவைவழிக் கட்டமைப்பு'. இணையவழி வகுப்பு என்கிறோம், தமிழ்வழிக் கல்வி என்கிறோம். தமிழ்வழிக் கல்வியில் தமிழ் ஊடகம், அதன் வழியாகவே எல்லாப் பாடமும் போய்ச் சேர்கிறது. இங்கே சேவையும் அப்படித்தான்.

'பணிவழி' என்று போடலாமே என்று தனித்தமிழ் அன்பர்கள் கேட்பார்கள். அந்த உணர்வு எனக்கும் உண்டு, முடிந்த இடத்தில் வடசொல்லை நானும் தவிர்ப்பேன். ஆனால் பணி என்றால் இன்று வேலை: பணி நியமனம், பணி ஓய்வு. 'பணிவழி' என்றதும் வேலை பார்த்துக்கொண்டே கற்பது என்று படும். தெளிவா, தூய்மையா என்றால் இங்கே தெளிவின் பக்கம்தான் நிற்பேன்.

கட்டடக்கலையைப் பற்றி நீட்ட ஒன்றுமில்லை. இங்கே கட்டடமும் இல்லை, கலையும் இல்லை, இருப்பது உறுப்புகள் ஒன்றோடொன்று பொருந்தும் ஒழுங்கு. 'கட்டமைப்பு' அதைச் சொல்லும். 'ஃப்ரேம்வொர்க்' என்பதற்கும் கட்டமைப்பு என்றே எழுதிக் குழப்புகிறார்கள் என்பது உண்மை. அதற்குச் 'சட்டகம்' இருக்கிறது, அதைப் பயன்படுத்தட்டும்.

அதே கையேட்டில் 'சர்வீஸ் கன்ஸ்யூமர்' என்பது 'சேவை நுகர்வோர்' ஆகியிருந்தது. நுகர்வோர் என்றால் காசு கொடுத்து வாங்கும் மனிதர். இங்கே கேட்பது இன்னொரு மென்பொருள், 'சேவை பெறும் மென்பொருள்' என்று நேராக எழுதலாம். அடுத்த பக்கத்தில், செய்திகளை எல்லா மென்பொருளுக்கும் கொண்டுசேர்க்கும் 'என்டர்பிரைஸ் சர்வீஸ் பஸ்', 'நிறுவன சேவைப் பேருந்து' என்று ஓடிக்கொண்டிருந்தது. கணினியின் உள்ளே தரவு ஓடும் 'பஸ்' என்பதற்குப் 'பாட்டை' என்ற அருமையான சொல்லைப் பாடநூலே தந்திருக்கிறது. பேருந்தை அடித்துவிட்டு, 'நிறுவனச் சேவைப் பாட்டை' என்று ஓரத்தில் எழுதித் திருப்பி அனுப்பினேன்.