கணினி விசிறி இரைகிறதா? வோல்ட்டில் கை வைக்கும் முன்

கேசிங்கைத் திறப்பதற்கு முன் சத்தத்தைக் காது கொடுத்துக் கேளுங்கள். ‘உஸ்’ என்று வந்தால் அது காற்றின் இரைச்சல், விசிறிக்குப் போகும் வோல்ட்டைக் குறைத்து, வேகத்தை இறக்கி அடக்கலாம். ‘கரகர’ என்றோ ‘டிக் டிக்’ என்றோ வந்தால் பேரிங் தேய்ந்துவிட்டது, விசிறியை மாற்றத்தான் வேண்டும். சாமி மேடைக்குப் பக்கத்தில் கணினி இருக்கும் வீடுகளில் சாம்பிராணிப் புகையின் பிசுக்கில் தூசி அப்பி, இறக்கை கனத்து ஆடும். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, சோப்புத் தண்ணீரில் நனைத்து நன்றாகப் பிழிந்த துணியால் இறக்கை இறக்கையாகத் துடைத்தாலே பாதிச் சத்தம் போய்விடும்.

காற்றிரைச்சல் வேகத்தோடு தாறுமாறாக ஏறும். அதில் நமக்கு லாபமும் உண்டு. நிமிடத்துக்கு 1,200 சுற்று சுற்றும் விசிறியை 850-க்கு இறக்கினால் காற்று முப்பது விழுக்காடுதான் குறையும், சத்தமோ 7 டெசிபல் வரை இறங்கும். வேகம் பாதியானால் 15 டெசிபல்.

பலருக்கு ஸ்குரூடிரைவரே தேவைப்படாது. மூன்று பின் விசிறியைச் செருகிவிட்டு, பயாஸில் (கணினி கிளம்பும்போது திறக்கும் அமைப்புத் திரையில்) அந்த இணைப்பை பி.டபிள்யூ.எம். நிலையிலேயே, அதாவது வோல்ட்டைக் குறைக்காமல் தனிச் சமிக்ஞையால் வேகத்தை ஆளும் நிலையிலேயே, விட்டுவிடுகிறார்கள். மூன்று பின் விசிறிக்கு அந்தச் சமிக்ஞை புரியாது. 12 வோல்ட்டும் முழுசாகப் போக, அது உச்ச வேகத்திலேயே ஓடும். டி.சி. நிலைக்கு மாற்றினால் மதர்போர்டே வோல்ட்டைக் குறைத்துக் கொடுக்கும். நான்கு பின் விசிறியை பி.டபிள்யூ.எம்.மிலேயே விட்டுவிடுங்கள்.

பழைய மதர்போர்டில் இந்த வசதி இல்லையா? மின்சாரத்தை ஒரே திசையில் விடும் 1என்4007 டயோடு வாங்குங்கள். கோலாலம்பூர் ஜாலான் பாசார் கடைகளில் சில்லறைக் காசுக்குக் கிடைக்கும். ஒன்று ஏறக்குறைய 0.7 வோல்ட்டை விழுங்கும். ஐந்தைத் தொடராகப் பற்றவைத்தால் விசிறிக்கு 8.5 வோல்ட் போகும். விசிறியின் பாசிட்டிவ் வயரை மட்டும் வெட்டி இடையில் சேர்க்க வேண்டும். டயோடின் வெள்ளிக் கோடு ஐந்திலும் விசிறிப் பக்கமே பார்க்க வேண்டும். ஒன்று திரும்பியிருந்தாலும் விசிறி அசையாது. கறுப்பு வயரையும் வேகம் சொல்லும் மூன்றாவது வயரையும் தொடாதீர்கள். டயோடுக்குப் பதில் ரெசிஸ்டர் (மின்தடை) போடலாமே என்பார்கள். விசிறி கிளம்பும்போது கூடுதல் கரண்ட் இழுக்கும். அந்த நேரம் பார்த்து ரெசிஸ்டரும் கூடுதல் வோல்ட்டைத் தின்றுவிடும். டயோடில் அந்த வம்பு இல்லை.

பவர் சப்ளையிலிருந்து வரும் மோலெக்ஸ் வயரில், மஞ்சளுக்கும் சிவப்புக்கும் நடுவே விசிறியை மாட்டி 7 வோல்ட் எடுக்கும் பழைய வித்தையை இன்னும் சிலர் சொல்லித் தருகிறார்கள். மஞ்சள் 12, சிவப்பு 5, இடைவெளி 7, கணக்கு சரிதான். ஆனால் விசிறியிலிருந்து திரும்பும் கரண்ட் 5 வோல்ட் தடத்துக்குள் போய் விழுகிறது. விசிறி உள்ளே ஷார்ட் ஆனால் அந்தத் தடத்தில் 12 வோல்ட் ஏறும்; அதில்தான் எஸ்.எஸ்.டி.யும் யு.எஸ்.பி.யில் செருகியவையும் உயிர் வாழ்கின்றன. ஐந்து ரிங்கிட் மிச்சப்படுத்தப் போய் படங்களையெல்லாம் இழக்க வேண்டாம்.

எந்த வழியில் குறைத்தாலும், கணினியை அணைத்து விசிறி முழுசாக நின்ற பிறகு திரும்பப் போட்டுப் பாருங்கள். விரலால் தள்ளினால் சுற்றி, தானாகக் கிளம்பாமல் துடித்துக்கொண்டு நின்றால் வோல்ட் போதவில்லை. ஒரு டயோடைக் கழற்றிவிட்டு மறுபடி பாருங்கள். 5 வோல்ட்டில் பல விசிறிகள் இப்படித்தான் மக்கர் பண்ணும்.

இவ்வளவும் கேசிங் விசிறிக்கு மட்டுமே. பிராசசர் விசிறியை பயாஸுக்கு விட்டுவிடுங்கள். பவர் சப்ளையைத் திறக்கவே வேண்டாம். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே கெப்பாசிட்டரில் மின்சாரம் தங்கியிருக்கும்.

கடைசியாகச் சோதனை. குளிர்நாட்டார் தரும் அளவுகள் 21 டிகிரி அறைக்கானவை. கோலாலம்பூர் அடுக்குமாடியில் ஏர்கோன் இல்லாத மதியம் 32 டிகிரி. அந்தப் பதினொரு டிகிரியும் அப்படியே பிராசசரின் சூட்டில் ஏறும். ஆகவே ராத்திரி ஏர்கோனில் பார்த்துத் திருப்திப்படாமல், மதியம் மூன்று மணிக்கு, கேசிங் மூடியை மாட்டி, அரை மணி நேரம் கனமான வேலை கொடுத்துப் பாருங்கள். பிராசசர் 85-ஐத் தாண்டினாலோ ஹார்ட் டிஸ்க் 50-ஐத் தாண்டினாலோ, இரண்டு டயோடைக் கழற்றுங்கள்.