பக்கத்து மேசையில் தயாராக ஒரு கண்

அம்மாவுக்குக் கண்புரை ஆபரேஷன் முடித்துக் கூட்டிவந்த வாசகர் ஒருவர் கேட்கிறார்: "ஒரே தியேட்டரில் இரண்டு மேசையாம். ஒருவருக்கு முடித்த கையோடு டாக்டர் பக்கத்து மேசைக்குத் திரும்பிவிட்டாராம். இவ்வளவு அவசரம் ஆபத்தில்லையா?"

நியாயமான பயம்தான். ஆனால் அங்கே டாக்டரின் கை வேகமாக ஓடுவதில்லை.

ஒரு கணக்குப் போடுவோம். கலங்கிய லென்ஸை எடுத்துச் செயற்கை லென்ஸ் வைக்க 7 நிமிடம். அவரை இறக்கி, அடுத்தவரைப் படுக்கவைத்து, கண்ணைச் சுற்றி மருந்தால் துடைத்து, துணி போர்த்தி, புதுக் கருவித் தட்டு வைக்க இன்னொரு 7 நிமிடம். ஒரு மேசை என்றால் 14 நிமிடத்துக்கு ஒருவர். மணிக்கு நாலு பேர். பாதி நேரம் டாக்டர் சும்மா நிற்கிறார். இரண்டாவது மேசை வந்தால், இங்கே ஆபரேஷன் நடக்கும்போதே அங்கே அடுத்தவர் தயாராகிறார். முடிந்ததும் மைக்ராஸ்கோப்பின் கையை அந்தப் பக்கம் திருப்பினால் போதும். மணிக்கு எட்டுப் பேர்! ஒவ்வொரு கண்ணுக்கும் அதே முழு 7 நிமிடம் கிடைக்கிறது.

இதே தந்திரம் 1969இல் டொயோட்டாவில் நடந்தது. தகட்டை அழுத்தி வடிவமாக்கும் 1,000 டன் பிரஸ் இயந்திரம் ஒன்றில் அச்சு மாற்ற 4 மணி நேரம் ஆனது. ஜப்பானியப் பொறியியல் நிபுணர் ஷிகியோ ஷிங்கோ அதை 90 நிமிடமாக்கி, அப்புறம் 3 நிமிடமாகவே குறைத்தார். இயந்திரம் நின்றால்தான் முடியும் என்ற வேலைகளையும், ஓடும்போதே செய்துவைக்கக்கூடிய வேலைகளையும் தனித்தனியாகப் பிரித்ததுதான் அவர் செய்தது. வீணாகும் நேரத்தையும் வேலையையும் களையும் 'லீன்' முறையின் உயிர்நாடிகளில் இது ஒன்று.

1976இல் மதுரையில் 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை இந்த இரட்டை மேசைக்கு உலகப் புகழ் பெற்றது. நிறுவனர் டாக்டர் ஜி. வெங்கடசாமி அடிக்கடி காட்டிய உதாரணம் மெக்டொனால்ட்ஸ். எந்தக் கடையிலும் ஒரே மாதிரி வேலை. அந்த 'ஒரே மாதிரி' இல்லாவிட்டால் இரண்டாவது மேசையின் முழுப் பயன் கிடைக்காது. தயார் செய்யும் வேலை 12 நிமிடம் இழுத்தால் டாக்டர் மறுபடி சும்மா நிற்பார். அதனால்தான் கிராமத்துப் பெண்களைப் பிளஸ் டூ முடித்ததும் எடுத்து, இரண்டு வருடம் பயிற்சி தருகிறார்கள். என்னைக் கேட்டால் அந்தத் தியேட்டரின் உண்மையான கண்டுபிடிப்பு அவர்கள்தான்.

நம் அரசு மருத்துவமனைகளுக்குக் கட்டடத்துக்கும் ஸ்கேனருக்கும் பணம் ஒதுக்குகிறோம். ஓ.பி. சீட்டு வாங்கியவர் எங்கெங்கே எத்தனை நிமிடம் நிற்கிறார் என்று ஒருவர் கடிகாரத்தோடு கூடவே நடந்து குறித்துக்கொள்ளவும் பணம் ஒதுக்க வேண்டும். அதற்கு ஆகும் செலவு மிகக் குறைவு.

வாசகருக்கு ஒன்று. டாக்டர் திரும்பியபோது உங்கள் அம்மாவின் கண் துடைத்து, போர்த்தி, தயாராக இருந்தது. அந்த வேலையை நர்ஸ்கள் பொறுமையாகச் செய்து முடித்தது, பக்கத்து மேசையில் இன்னொருவருக்கு லென்ஸ் ஏறிக்கொண்டிருந்த நேரத்தில்.