பவர் கார்டு: ரெண்டே சுரத்துக்கு ஏன் இத்தனை கனம்?

எலெக்ட்ரிக் கிட்டாரில் டிஸ்டார்ஷன் (ஒலியைச் சிதைத்துக் கரகரப்பாக்குவது) போட்டதும் மேஜர் கார்டு கலங்கிப்போகிறது, பவர் கார்டு மட்டும் கணீரென்று நிற்கிறதே, ஏன் என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார்.

அடிப்படையை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். கார்டு என்பது ஒரே நேரத்தில் சேர்ந்து ஒலிக்கும் சுரங்கள். மேஜர் கார்டு என்றால் ச, க, ப. மைனரில் அதே ச, ப. காந்தாரம் மட்டும் ஒரு ஃப்ரெட் (கிட்டார் கழுத்தில் உள்ள குறுக்குக் கம்பி) இறங்கும். அந்தக் காந்தாரத்தைத் தூக்கிவிட்டு ச-வையும் ப-வையும் மட்டும் மீட்டினால் பவர் கார்டு. மேஜரும் இல்லை, மைனரும் இல்லை.

கிட்டாரின் ஐந்தாம் தந்தியை அழுத்தாமல் மீட்டினால் 110 ஹெர்ட்ஸ், அதுதான் நம் ச. நான்காம் தந்தியில் இரண்டாம் ஃப்ரெட் ப, 164.8, கணக்குக்கு 165 என்று வைத்துக்கொள்வோம். விகிதம் 2:3. ஆம்ப்பை (ஒலியைப் பெருக்கும் கருவியை) முறுக்கினால்தான் வேடிக்கை ஆரம்பம். தாங்கும் அளவைத் தாண்டியதும் அலையின் உச்சி வெட்டுப்பட்டுத் தட்டையாகிவிடுகிறது. (தி கிங்க்ஸ் என்ற ஆங்கில ராக் குழுவின் கிட்டாரிஸ்ட் டேவ் டேவிஸ் 1964-ல் ஸ்பீக்கர் கூம்பையே பிளேடால் கீறிக் கரகரப்பை வரவழைத்தார்!) இப்படிச் சிதைந்த ஒலியில், உள்ளே போன இரண்டு அதிர்வெண்களோடு அவற்றின் கூட்டலும் கழித்தலும் புதிதாக முளைக்கின்றன.

கழித்துப் பாருங்கள்: 165 − 110 = 55. கீழ் ஸ்தாயி ச! வழக்கமாகச் சுருதி சேர்த்த கிட்டாரின் கடைசித் தந்தியே 82 ஹெர்ட்ஸ்தான். வாசிக்கவே முடியாத சுரத்தை ஆம்ப் வாசிக்கிறது. 165-ஐ இரட்டித்து 110-ஐக் கழித்தால் 220, மேல் ச. கூட்டினால் 275. இதை 220-ஆல் வகுத்தால் 5/4, அதாவது அந்தர காந்தாரம், மேஜர் கார்டின் க. வாசலில் துரத்திய காந்தாரம் கொல்லைப்புறமாக உள்ளே வந்துவிட்டது! டிஸ்டார்ஷன் ஏற ஏறப் பவர் கார்டு லேசாக மேஜர் பக்கம் சாய்ந்து ஒலிப்பது இதனால்தான். பிறக்கும் சுரம் அத்தனையும் 55-இன் மடங்கு, சண்டைக்கே இடமில்லை.

வழக்கமான 440 ஹெர்ட்ஸை விட்டு (நம் 110 அதில் கால்வாசி) 432 ஹெர்ட்ஸில் சுருதி சேர்த்தால்தான் பிரபஞ்சத்தோடு இசையும் என்று ஒரு கூட்டம் சொல்லிக்கொண்டிருக்கிறது. அப்படியே சேர்த்துப் பாருங்கள்: 108, 162, வித்தியாசம் 54. அதே கீழ் ச. வேலை செய்வது விகிதம். பிரபஞ்சத்துக்கு இதில் பங்கு எதுவும் இல்லை.

இப்போது காந்தாரத்தையும் விரலால் சேர்த்து அழுத்துங்கள். சுத்தக் கணக்கில் அது 110-இன் 5/4 மடங்கு, 137.5 இருக்க வேண்டும். ஃப்ரெட் தருவதோ 138.6. டிஸ்டார்ஷனில் அதன் இரட்டிப்பு 277.2. ச-வும் ப-வும் கூடியது (110 + 164.8) 274.8. இரண்டும் தோளோடு தோள் இடித்து, நொடிக்கு இரண்டு தடவைக்கு மேல் ஒலி ஏறி இறங்குகிறது. இதுபோல் இன்னும் பல ஜோடிகள். வாசகர் கேட்ட கலங்கல் இதுதான்.

ப-வைக் கீழே வைத்து, ஆறாம், ஐந்தாம் தந்திகளை அழுத்தாமல் மீட்டியும் பார்க்கலாம். கணக்குக்கு 82.5, 110, வித்தியாசம் 27.5. அதுவும் ச-தான், இரண்டு ஸ்தாயி கீழே. அந்த ஆழத்துக்குச் சாதாரண கிட்டார் ஸ்பீக்கர் இறங்காது.