ஒரே நூல், ஒரே நிறம், உள்ளே ஓர் இலை: எம்பிராய்டரியில் டெக்ஸ்சர் வரும் விதம்

ஒரே பச்சை நூலில் தைத்த மூன்று சதுரங்களை ஜன்னல் வெளிச்சத்தில் வைத்துப் பாருங்கள். ஒன்று பளபளக்கும், அடுத்தது மங்கலாக இருக்கும், மூன்றாவதில் இலை நரம்புகள் தெரியும். நூலும் மெஷினும் அதேதான். மாறியது ஊசி துணிக்குள் இறங்கிய இடங்கள் மட்டும். கம்ப்யூட்டர் எம்பிராய்டரி மென்பொருளில் டெக்ஸ்சருக்கு, அதாவது பரப்பின் மேடுபள்ளத் தோற்றத்துக்கு, என்று எத்தனையோ பட்டன்கள் இருந்தாலும், அவற்றில் பெரும்பாலானவை செய்வது இந்த ஒரு வேலையைத்தான்: ஊசி எங்கெங்கே இறங்கவேண்டும் என்று கணக்குப் போடுவது.

எம்பிராய்டரிக்குப் போடும் ரேயான், பாலியஸ்டர் நூல்கள் பளபளப்புக்காகவே செய்யப்பட்டவை. நூல் தடையில்லாமல் நீளமாகப் படுத்திருந்தால் அதன்மேல் விழும் வெளிச்சம் சிதறாமல் திரும்பி வரும். சாட்டின் தையலில், அதாவது இரண்டு ஓரங்களில் மட்டும் ஊசி இறங்கி நடுவில் எங்கும் இறங்காத தையலில், நடப்பது அதுதான். ஊசி இறங்கும் இடத்திலோ நூல் வளைந்து உள்ளே போகிறது, அங்கே ஒரு சின்னக் குழி, குழியில் நிழல். குழிகள் கூடினால் மங்கல், குறைந்தால் மினுக்கம். நூல் கிடக்கும் திசைக்கும் இதில் பங்கு உண்டு; ஒரே நிறப் பூவில் இதழுக்கு இதழ் தையல் கோணத்தை மாற்றிவிட்டால் இரண்டு மூன்று நிறத்தில் தைத்த மாதிரி தெரியும், துணியைத் திருப்பினால் வெளிர் இதழும் இருண்ட இதழும் இடம் மாறிக்கொள்ளும்.

சரி, அப்படியானால் எல்லாவற்றையும் சாட்டினிலேயே தைக்கலாமே? முடியாது. அகலம் 7, 8 மி.மீ. தாண்டினால் நூல் தொளதொளவென்று நின்று, எதிலாவது மாட்டி இழுபடும். அதனால் பெரிய பரப்புக்கு ஃபில் தையல், பல மென்பொருள்களில் அதற்கு தத்தாமி என்று பெயர். வரிசை வரிசையாக ஓடி, சில மி.மீ.க்கு ஒருமுறை ஊசி இறங்கும்.

டெக்ஸ்சர் விளையாட்டு இங்கேதான் தொடங்குகிறது. இலவசமாகக் கிடைக்கும் இங்க்ஸ்டிச் என்ற மென்பொருளை எடுத்துக்கொள்ளலாம் (இங்க்ஸ்கேப் என்ற படம் வரையும் மென்பொருளுக்குள் ஓடுவது, காசு கொடுத்து எதையும் வாங்குவதற்கு முன் இதில் கொஞ்ச நாள் கை பழகுவது நல்லது). அதில் ஃபில் போட்டால், நாம் எதையும் மாற்றாதவரை, தையல் நீளம் அதிகபட்சம் 3 மி.மீ., வரிசைகளுக்கு இடையே 0.25 மி.மீ., அப்புறம் 'ஸ்டாகர்' என்ற இடத்தில் 4 என்று இருக்கும். அந்த 4தான் முக்கியம். ஒவ்வொரு வரிசையின் ஊசிப் புள்ளிகளும் முந்தைய வரிசையிலிருந்து கால் தையல், அதாவது 0.75 மி.மீ. தள்ளி விழும், ஐந்தாவது வரிசை மறுபடி முதல் வரிசைக்கு நேராக வரும். கொத்தனார் செங்கல் அடுக்கும்போது மேல் இணைப்பு கீழ் இணைப்புக்கு நேரே வராமல் பார்த்துக்கொள்வாரே, அதே கணக்கு. குழிகள் பரவிவிடுவதால் பரப்பு சமமாகத் தெரிகிறது, கூர்ந்து பார்த்தால் சாய்வாக மெல்லிய கோடுகள் மட்டும் தெரியும். அந்த 4-ஐ 1 ஆக்கினால் புள்ளிகள் எல்லாம் ஒன்றின்கீழ் ஒன்றாக விழுந்து, 3 மி.மீ.க்கு ஒரு பள்ளம் வரிவரியாக ஓடும். தையல் நீளத்தைத் தாறுமாறாக மாற்றச் சொன்னால் குழிகள் ஒழுங்கில்லாமல் சிதறி, விலங்கின் ரோமம் மாதிரியான பரப்புகளுக்கு அது நன்றாகப் பொருந்தும்.

பள்ளத்தை நேர்கோட்டில் ஓடவிட முடிந்தால் வளைகோட்டிலும் ஓடவிடலாம் அல்லவா, இலை நரம்பு அப்படித்தான் வந்தது. வில்காம் என்ற எம்பிராய்டரி மென்பொருளில் கார்விங் ஸ்டாம்ப், புரோகிராம் ஸ்ப்ளிட் என்று இருப்பவை இந்த வகை. நீங்கள் ஒரு கோட்டை வரைகிறீர்கள், அந்தக் கோடு தையல் வரிசைகளை எங்கெல்லாம் வெட்டுகிறதோ அங்கெல்லாம் மென்பொருள் ஓர் ஊசிப் புள்ளியை வைக்கிறது. இதில் புதிதாகச் செய்பவர்கள் பலர் குழம்பும் ஒரு விஷயம் இருக்கிறது: வரிசைகளுக்குக் குறுக்கே போகும் கோடு பளிச்சென்று தெரியும், வரிசைகளின் போக்கிலேயே போகும் கோடு தெரியவே தெரியாது, ஏனென்றால் அது எந்த வரிசையையும் வெட்டுவதில்லை. நடு நரம்பு காணாமல் போனால் படத்தைத் திருத்தவேண்டாம், தையல் கோணத்தைத் திருப்புங்கள். அளவுக்கும் எல்லை உண்டு. சாதாரணமாகப் போடும் 75ஆம் எண் ஊசியின் தடிமன் 0.75 மி.மீ., ஆகவே இரண்டு கோடுகளை அரை மி.மீ. இடைவெளியில் வரைந்தால் இரண்டும் கலந்து ஒரே பள்ளமாகிவிடும், புள்ளிகள் ரொம்ப நெருங்கினால் நூலும் அறும்.

மேடு எழுப்புவது வேறு வேலை. மேல் தையலுக்கு முன்னால் அடித்தையல் ஒன்று ஓடும். அது மேல் தையலின் திசையிலேயே ஓடினால் மேல் நூல் அதற்குள் அமுங்கிவிடும், குறுக்கே ஓடினால் தாங்கி நிற்கும். இன்னும் உயரம் வேண்டுமென்றால், தொப்பிகளில் பார்த்திருப்பீர்கள், 2 அல்லது 3 மி.மீ. ஃபோம் வைத்து அதன்மேல் நெருக்கமான சாட்டின். ஊசி ஓரத்தில் நெருக்கமாகக் குத்தியே ஃபோமை அறுத்துவிடுவதால் மிச்சத்தைக் கையாலேயே கிழித்து எடுக்கலாம்.

இதெல்லாம் திரையில் அழகாகத் தெரியும். திரையில் துணி கிடையாது. ஒவ்வொரு தையலும் துணியைத் தன் பக்கம் இழுப்பதால், வட்டமாக வரைந்தது தைத்ததும் நீள்வட்டமாகும். திருப்பூரில் தைக்கிற பின்னலாடைத் துணி மாதிரி நீளும் துணியில் இது இன்னும் மோசம், துணி இழுபடாமல் தாங்கும் பேப்பரை அடியில் சரியாக வைக்காவிட்டால் டெக்ஸ்சருக்குப் பதில் சுருக்கம்தான் வரும். அதே துணியில் ஒரு சாம்பிள் தைத்துப் பார்க்காமல் ஆர்டரைத் தொடங்குவது வீண் துணிச்சல்.

கடைசியாக ஃபைல். மெஷினுக்குப் போகும் டி.எஸ்.டி. ஃபைலில் இலை, கோணம், ஸ்டாகர் எதுவும் இருக்காது. இத்தனை தூரம் நகர், குத்து, மறுபடி நகர் என்பது மட்டும்தான், 0.1 மி.மீ. அலகில், ஒரு நகர்வுக்கு அதிகபட்சம் 12.1 மி.மீ. அதை மெஷினிலேயே 20 சதவீதம் பெரிதாக்கினால் பொதுவாகப் புதுக் கணக்கு எதுவும் நடக்காது, இருக்கும் இடைவெளிகள்தான் நீளும். வரிசைகளுக்கு இடையே 0.4 மி.மீ. வைத்திருந்தால் அது 0.48 ஆகி நூலுக்கு நடுவே துணி எட்டிப்பார்க்கும். டிசைனை வெளியில் கொடுத்துப் பன்ச் செய்து, அதாவது தையல் ஃபைலாக மாற்றி, வாங்குபவர்கள் டி.எஸ்.டி.யோடு மென்பொருளின் மூல ஃபைலையும் கேட்டு வாங்கிவிடுங்கள், சிலர் அதற்குத் தனியாகக் காசு கேட்பார்கள், பேசிப் பார்க்கலாம்.