டைட்டர்: வைரஸுக்குப் பார்க்கும் மாற்று

கோழிகளின் வெள்ளைக் கழிச்சல் நோய் பற்றிய ஆய்வுகளில் ‘டைட்டர்’ என்ற சொல் அடிக்கடி வரும். வைரஸோ எதிர்ப்பொருளோ எவ்வளவு இருக்கிறது என்று சோதித்துச் சொல்லும் எண் அது. தடுப்பூசி வைரஸுக்கும் டைட்டர் உண்டு, கோழியின் ரத்தத்தில் உள்ள எதிர்ப்பொருளுக்கும் உண்டு. தமிழில் எழுதும்போது பலர் இதை ‘செறிவு’ என்று எழுதிவிடுகிறார்கள். அது பொருந்தாது.

மூலம் லத்தீன் ‘டிட்டுலுஸ்’. பெயர்ப் பலகை, மேலெழுத்து என்று பொருள். தலைப்பைக் குறிக்கும் ‘டைட்டில்’ பிறந்ததும் இதிலிருந்துதான். பிரெஞ்சில் அது ‘தீத்ர்’ ஆகி, பொன் வெள்ளியின் தூய்மையையும் குறித்தது. நம் பொற்கொல்லர்கள் ‘மாற்று’ என்றார்களே, பத்தரை மாற்றுத் தங்கம் என்கிறோமே, அதேதான். வெள்ளியை அமிலத்தில் கரைத்து, அளந்த உப்புக் கரைசலைச் சேர்த்துத் தூய்மையைக் கணிக்கும் முறையை பிரெஞ்சு வேதியியலாளர் கே-லுசாக் 1832-இல் வெளியிட்டார். நாணயச் சாலைச் சொல் இப்படி வேதியியலுக்குள் வந்தது. அந்தச் செயலைத்தான் தமிழகப் பாடநூல்கள் ‘தரம் பார்த்தல்’ என்றும், இலங்கைப் பாடநூல்கள் ‘நியமிப்பு’ என்றும் சொல்கின்றன.

சரி, வைரஸுக்கு எப்படித் தரம் பார்ப்பது? எடைபோட முடியாது, சாதாரண நுண்ணோக்கியில் தெரியாது. அதனால் வேலை செய்யாமல் போகும்வரை நீர்க்க வைத்துப் பார்க்கிறார்கள். வைரஸ் கரைசலை 2, 4, 8, 16 மடங்கு என்று குழித்தட்டில் நீர்த்து, கோழியின் ரத்தச் சிவப்பணுக்களைச் சேர்ப்பார்கள். வைரஸ் போதிய அளவு இருந்தால் அணுக்களைப் பிணைத்து வலைபோலப் பரப்பிவிடும். இல்லையென்றால் அவை குழியின் அடியில் சிவப்புப் பொட்டாகத் தங்கிவிடும். 128 மடங்கு வரை வலை தெரிந்து 256-இல் பொட்டு விழுந்தால், டைட்டர் 128. ஒரு மணி நேரத்துக்குள் விடை கிடைத்துவிடும், செலவும் குறைவு. ஆனால் ஃபார்மலினால் செயலிழந்த வைரஸும் அணுக்களைப் பிணைக்கும். தடுப்பூசிக் குப்பியில் உயிர்ப்புள்ள வைரஸ் எவ்வளவு என்று இந்த எண் சொல்லாது.

அதற்கு முட்டைதான் வேண்டும். 9 முதல் 11 நாள் கரு வளர்ந்த முட்டைகளில், பத்துப் பத்து மடங்காக நீர்த்த வைரஸை 0.1 மில்லி வீதம் செலுத்துவார்கள். முட்டைகளில் பாதிக்குத் தொற்று ஏற்படும் நீர்ப்பே எல்லை. அது சரியாக ஒரு நீர்ப்பில் வந்து விழுவது அரிது, இரண்டு நீர்ப்புகளுக்கு நடுவே எங்கோ இருக்கும். அதைக் கணிக்க ரீடும் மியூன்ச்சும் 1938-இல் தந்த வழி இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. எல்லை 1 கோடி மடங்கு என்றால், 0.1 மில்லியில் 1 கோடி தொற்றளவுகள் (பாதி முட்டைகளுக்குத் தொற்று தரும் அளவே ஒரு தொற்றளவு). ஒரு மில்லிக்கு 10 கோடி. அறிக்கைகளைப் படிக்கும்போது ‘எத்தனை மில்லிக்கு’ என்பதைக் கவனிக்காமல் விட்டால் பத்து மடங்கு பிசகிவிடும்.

1952-இல் வைரஸ் ஆய்வாளர் டல்பெக்கோ இன்னொரு வழி காட்டினார். கோழிக்கருவின் செல்களைப் படலமாக வளர்த்து, குதிரைகளைத் தாக்கும் மூளையழற்சி வைரஸை அதில் விட்டார். வைரஸ் அழித்த இடங்கள் வெற்றுத் திட்டுகளாகத் தெரிந்தன. அவற்றை எண்ணினால் போதும். இங்கே டைட்டர் என்பது எல்லை இல்லை, எண்ணிக்கை.

அப்படியானால் தமிழில் என்ன சொல்வது? பொருளால் மிக நெருங்கியது ‘மாற்று’தான். ஆனால் ‘வைரஸ் மாற்று’ என்றால் இன்று வேறு அர்த்தம் வந்துவிடும். ‘வீரியம்’ என்றால் நோயின் கடுமையோடு குழம்பும். குழித்தட்டுச் சோதனைக்கும் எதிர்ப்பொருளுக்கும் ‘நீர்ப்பெல்லை’, முட்டையிலும் செல் படலத்திலும் அளப்பதற்குத் ‘தொற்றலகு அளவு’ என்று இரண்டாகப் பிரிப்பதே எனக்குச் சரியாகப் படுகிறது. மரபணுப் பொருளைப் பெருக்கிக் கண்டறியும் பி.சி.ஆர். சோதனை தரும் எண்ணுக்கு இவை இரண்டுமே ஆகாது. அது மரபணுப் படிகளை, அதாவது நகல்களை எண்ணுகிறது, அந்த வைரஸ் உயிர்ப்போடு இருக்கிறதா என்று பார்ப்பதில்லை. அதை ‘மரபணுப் படி எண்ணிக்கை’ என்றே எழுதலாம்.