ரேண்டம் ஆர்பிட் சாண்டர்: எழுமாற்றுச் சுற்றுத் தேய்ப்பி

கருவிக் கடையில் ‘ஆர்பிட்டல் சாண்டர்’ என்று மட்டும் கேட்டால், சதுர அடித்தட்டு உள்ள, மரத்தைத் தேய்த்து வழவழப்பாக்கும் இயந்திரம் ஒன்றை எடுத்துக் காட்டக்கூடும். வட்டத் தட்டு உள்ளது வேறு கருவி. அதன் முழுப் பெயர் ‘ரேண்டம் ஆர்பிட் சாண்டர்’. பெயரைச் சுருக்கும்போது முதலில் உதிர்வது ‘ரேண்டம்’தான். மரவேலையைப் பொழுதுபோக்காகச் செய்பவர் கைவிடக் கூடாத சொல்லும் அதுவே.

‘ஆர்பிட்’டின் மூலம் இலத்தீன் ‘ஓர்பிட்டா’. சக்கரம் பதித்துப் போன தடம் என்று பொருள். கோள்களின் பாதைக்குப் பிறகுதான் போனது. இந்தக் கருவியில் தட்டு, மோட்டார் அச்சின் மையத்திலிருந்து சற்று விலகிய பேரிங் ஒன்றில் அமர்ந்திருக்கிறது. அதனால் நிமிடத்துக்குப் பல ஆயிரம் சிறு வட்டங்களைப் போடுகிறது. சதுரத் தட்டும் இதைச் செய்யும். ஆனால் அது தன்னைத்தானே சுழல முடியாது. தட்டின் அடியில் பொருத்தும் உப்புத்தாளில் ஒட்டியிருக்கும் ஒவ்வொரு துகளும் ஒரே மாதிரியான குட்டி வட்டத்தையே திரும்பத் திரும்பக் கீறும்.

வட்டத் தட்டு அந்த பேரிங்கில் கட்டில்லாமல் நிற்கிறது. சிறு வட்டங்களைப் போட்டுக்கொண்டே தானும் சுழல்கிறது. எவ்வளவு வேகமாகச் சுழலும் என்பது கையின் அழுத்தத்துக்கும் மரத்துக்கும் தாளுக்கும் ஏற்ப நொடிக்கு நொடி மாறும். துகள்கள் போன தடத்திலேயே மறுபடி போவதில்லை. ஒரு கீறலை அடுத்த கீறல் அழித்துவிடுகிறது. ‘ரேண்டம்’ குறிப்பது இதைத்தான். பழைய பிரெஞ்சில் ‘ரன்டோன்’ என்றால் தலைதெறிக்கப் பாய்வது. ‘ஒழுங்கின்றி’ என்ற பொருள் ஆங்கிலத்தில் பின்னால் சேர்ந்தது.

இதன் அருமை சட்டம் கூடும் மூலையில் தெரியும். நெடுக்குக் கட்டையும் குறுக்குக் கட்டையும் சேரும் இடத்தில் ஒன்றன் இழையோடு தாளைப் போட்டால் மற்றதன் இழை குறுக்கே கீறப்படும். ரேண்டம் ஆர்பிட்டில் அந்தத் தொல்லை பெருமளவு குறைகிறது. ஆனால் அழுத்தாதீர்கள்! அழுத்தினால் சுழற்சி நின்றுவிடும், கருவி வெறும் ஆர்பிட்டல் ஆகிவிடும். பாலிஷ் ஏறியதும் சுருள் சுருளாகக் கீறல்கள் எழுந்து நிற்கும். தட்டின் விளிம்பில் பேனாவால் ஒரு கோடு போட்டுப் பாருங்கள். ஓட்டும்போது அது மெதுவாகச் சுற்றி வந்தால் சரி.

‘சாண்ட்’ என்றால் மணல். இன்றைய தாளில் இருப்பதோ பெரும்பாலும் அலுமினியம் ஆக்சைடு. நம் ஆசாரிகள் சொல்லும் உப்புத்தாளிலும் உப்பு கிடையாது. எனவே செயலைச் சொல்லும் ‘தேய்ப்பி’ போதும்.

‘ரேண்டம்’ என்பதற்குத் தமிழ்நாட்டுப் பாடநூல்கள் ‘சமவாய்ப்பு’ என்கின்றன, இலங்கையில் ‘எழுமாற்று’. சமவாய்ப்பு நிகழ்தகவுக் கணக்குக்குப் பொருந்தும். எல்லாவற்றுக்கும் சம வாய்ப்பு என்ற கருத்து இந்தத் தட்டில் இல்லை. ‘தற்செயல்’ என்றால் கருவி தானாக ஓடுவதுபோல் ஒலிக்கிறது. ஈழத்துச் சொல்லையே எடுத்துக்கொள்ளலாம் என்பது என் முடிவு: எழுமாற்றுச் சுற்றுத் தேய்ப்பி. ‘சுற்றுத் தேய்ப்பி’ என்று குறுக்கினால் மறுபடி சதுரத் தட்டுக்கே போய்விடுவோம்.

வாங்கும்போது சுற்றின், அதாவது தட்டு போடும் சிறு வட்டத்தின், விட்டத்தைக் கேளுங்கள். ஏறக்குறைய 2.5 மில்லிமீட்டர் என்றால் மென்மையான முடிப்பு, 5 என்றால் வேகமாக அரிக்கும். வீட்டு வேலைக்கு 125 மில்லிமீட்டர் தட்டும் சிறிய சுற்றும் வேகம் குறைக்கும் திருகும் போதும். தாளின் சொரசொரப்பைக் குறிக்கும் எண்ணை 80, 120, 180 என்று தாவாமல் ஏற்றித் தாளை மாற்றுங்கள். தூசிப்பையை மட்டும் நம்ப வேண்டாம். மரத்தூள் புற்றுநோய் உண்டாக்கும் என்று பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை வகைப்படுத்தியிருக்கிறது. தூசி உறிஞ்சும் குழாய் பொருத்த வாய் உள்ள கருவியாகப் பாருங்கள், முகக்கவசமும் சேர்த்து வாங்குங்கள்.